சுவரில் தொங்கும் கணினி

2022ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு விடயத்திலிருந்து இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன். அப்போது நான் ஒன்பதாம் தரத்தில் இருந்தேன். நாட்டில் மின்வெட்டுக் காலம். மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நோன்பு தொடங்கியபோது அது குறைந்திருந்தாலும், எப்போது போகும், எப்போது வரும் என்ற பதற்றம் குறையவில்லை.

எங்கள் வீட்டு முன்மண்டபச் சுவரில் ஒரு பாங்கு மணிக்கூடு தொங்குகிறது. சிவப்பு நிற எண்களில் நேரத்தையும், அதன் கீழே ஐந்து வக்துகளின் நேரத்தையும் காட்டும். வக்து வந்தால் பாங்கு சொல்லும். உம்மும்மாவுக்குக் காது சற்று மந்தம் என்பதால் பள்ளிவாசல் பாங்கு சில வேளைகளில் அவருக்குக் கேட்பதில்லை. ஆகவே அந்த மணிக்கூட்டுக்குக் கீழேதான் அவருடைய கதிரை.

ஒரு நாள் பின்னேரம் கரண்ட் வந்தபோது அந்த மணிக்கூடு 12:00 என்று காட்டி நின்றது. திகதி ஜனவரி 1. நான் ரிமோட்டை எடுத்துத் திகதியைச் சரியாக வைத்தேன். நேரத்துக்கு என் போனைப் பார்க்கலாமென்றால் அதில் சார்ஜ் இல்லை. வாப்பா மேசையில் கழற்றி வைத்திருந்த கைக்கடிகாரத்தைப் பார்த்து வைத்தேன். கடைக்குப் பிந்தக் கூடாதென்று வாப்பா தன் கடிகாரத்தை எப்போதும் 6 நிமிடம் முந்தியே வைத்திருப்பார் என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அன்று மஃரிப் நேரம், உம்மாவும் நானும் சமையலறையில் கஞ்சி வார்த்துக்கொண்டிருந்தோம். மணிக்கூடு பாங்கு சொன்னது. நான் கோப்பையுடன் முன்மண்டபத்துக்கு வந்தபோது உம்மும்மா பேரீச்சம்பழம் சாப்பிட்டு, தண்ணீரும் குடித்து முடித்திருந்தார். அப்போதுதான் பள்ளிவாசலிலிருந்து பாங்கு தொடங்கியது. அன்று காற்று எங்கள் பக்கமாக வீசியதால் அது உம்மும்மாவுக்கும் கேட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"இது என்ன பாங்கு, மகள்?"

எனக்குப் பதில் வரவில்லை. பெருநாளுக்குப் பிறகு அந்த ஒரு நோன்பை உம்மும்மா கழாச் செய்தார். 'மணிக்கூடு பழுதாகிவிட்டது' என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையேதான் சொன்னேன்.

அந்த மணிக்கூடு பழுதாகவில்லை என்பதை உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாக எடுத்த பிறகுதான் முழுமையாக விளங்கிக்கொண்டேன். தனக்குச் சொல்லப்பட்டதை அது ஒரு செக்கன் கூடப் பிசகாமல் செய்திருந்தது. அதற்குள் இருந்தது ஒரு கணினி. இந்தப் பாடத்தை இப்போதுதான் தொடங்கும் தங்கைகளுக்கு அந்தக் கணினியை அறிமுகப்படுத்தவே இதை எழுதுகிறேன்.

கணினி என்றதும் திரை, விசைப்பலகை, சுட்டி என்று நாம் ஆறாம் தரத்திலிருந்து படம் வரைந்து பெயரிட்டுப் பழகிவிட்டோம். ஆனால் உலகில் இயங்கும் கணினிகளில் பெரும்பாலானவற்றுக்குத் திரையுமில்லை, விசைப்பலகையுமில்லை. அவை வேறொரு பொருளுக்குள் மறைந்திருந்து, அந்தப் பொருளின் ஒரு வேலையை மட்டும் செய்துகொண்டிருக்கின்றன. சலவை இயந்திரத்துக்குள், சீனி வியாதிக்காரர் விரல் நுனியில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீற்றருக்குள், தொலைக்காட்சி ரிமோட்டுக்குள், மோட்டார் வாகனத்தின் பிரேக்குக்குள் என்று. இவற்றையே உட்பொதிந்த முறைமைகள் என்கிறோம். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கொழுக்கட்டைக்குள் பூரணம் இருப்பது போல, பொருளுக்குள் கணினி பொதிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் தானாக இயங்கும் எல்லாவற்றையும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடக் கூடாது. வகுப்பில் என் தோழி ஒருத்தி ரைஸ் குக்கரை உதாரணமாகச் சொன்னாள். ஆசிரியை, "எந்த ரைஸ் குக்கர்?" என்று கேட்டார். நாங்கள் விழித்தோம். நம்மில் பலரின் வீட்டில் உள்ள, ஒரேயொரு ஆளியை கீழே அழுத்தும் சாதாரண குக்கருக்குள் கணினி எதுவும் இல்லை. அதன் அடியில் ஒரு காந்தமும், ஒரு விசேட கலப்புலோகமும், ஒரு வில்சுருளும்தான் உண்டு. பானையில் தண்ணீர் இருக்கும் வரை வெப்பநிலை 100 பாகை செல்சியஸைத் தாண்டாது. தண்ணீரைச் சோறு முழுவதும் உறிஞ்சியதும் வெப்பநிலை ஏறும். ஏறத்தாழ 103 பாகையில் அந்தக் கலப்புலோகம் தன் காந்தத் தன்மையை இழக்கும். காந்தம் பிடியை விட, வில்சுருள் தள்ள, ஆளி 'டக்' என்று மேலே வரும். பௌதிகவியல் மட்டுமே வேலை செய்கிறது, செய்நிரல் எதுவும் இல்லை. என்னைக் கேட்டால் பல கணினிகளை விட அழகான வடிவமைப்பு அது. பச்சரிசி, புழுங்கலரிசி, கஞ்சி என்று தெரிவுசெய்யப் பொத்தான்கள் உள்ள விலை கூடிய குக்கரில்தான் வெப்பநிலையை அளக்கும் உணரியும், அதை வாசித்து முடிவெடுக்கும் ஒரு சிறு கணினியும் இருக்கின்றன. அதில் செய்நிரலை மாற்றினால் நடத்தை மாறும். மற்றையதில் நடத்தையை மாற்ற உலோகத்தையே மாற்ற வேண்டும். இரண்டையும் பிரித்தறிய இந்த ஒரு கேள்வி போதும்.

இனி மணிக்கூட்டுக்குள் போவோம்.

உள்ளே முக்கியமான சிப் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் நுண்கட்டுப்படுத்தி. கடைகளில் 'மைக்ரோகொன்ட்ரோலர்' என்றே கேட்க வேண்டும். மடிக்கணினியில் முறைவழியாக்கி ஓரிடத்தில், நினைவகம் இன்னோரிடத்தில், சேமிப்பகம் வேறோரிடத்தில் இருக்கும். நுண்கட்டுப்படுத்தியிலோ எல்லாம் ஒரே சிப்புக்குள் அடக்கம். பெரிய கட்டடத்தில் களஞ்சியம், காசாளர், விற்பனைப் பகுதி என்று தனித்தனியாக இருக்கும் கடைக்கும், உட்கார்ந்த இடத்திலிருந்தே கையெட்டும் தூரத்தில் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுக்கும் பெட்டிக்கடைக்கும் உள்ள வித்தியாசம் இது. பெட்டிக்கடையில் எல்லாச் சாமானும் கிடைக்காது. ஆனால் வாடகை குறைவு, ஒருவரே நடத்தலாம்.

அடுத்து, நேரம். மணிக்கூட்டுக்கு ஒரு செக்கன் எவ்வளவு நீளம் என்பது எப்படித் தெரியும்? அரிசிமணியை விடச் சற்றுப் பெரிய உலோகக் குழாய் ஒன்றுக்குள் ஒரு குவார்ட்ஸ் பளிங்கு அடைக்கப்பட்டிருக்கும். மின் கொடுத்தால் அது அதிரும். அதன் மீடிறன் செக்கனுக்கு 32,768. இந்த எண்ணைக் கண்டதும் துவித எண்கள் படித்தவர்களுக்குச் சிரிப்பு வர வேண்டும். இரண்டை 15 தடவை தன்னால் பெருக்கினால் வரும் எண் அது. ஆகவே அந்த அதிர்வை 15 தடவை பாதியாக்கினால் செக்கனுக்குச் சரியாக ஒரு துடிப்புக் கிடைக்கும். பாதியாக்குவது இலக்கமுறைச் சுற்றுக்கு மிக இலகுவான வேலை. பரீட்சைக்காக நாம் மனனம் செய்யும் இரண்டின் வலுக்கள், கையில் கட்டும் கடிகாரத்திலும் சுவரில் தொங்கும் மணிக்கூட்டிலும் இரவு பகலாக எண்ணிக்கொண்டிருக்கின்றன.

இந்தத் துடிப்புகளை எண்ணி மணி, நிமிடம், திகதி என்று வைத்திருப்பதற்கே தனியாக ஒரு சிப் உண்டு. அதன் பக்கத்தில் வட்டமான, காசு போன்ற ஒரு 3 வோல்ற்றுப் பற்றரி இருக்கும். கரண்ட் போனாலும் அந்தச் சிப் மட்டும் இந்தப் பற்றரியில் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். திரை அணைந்திருந்தாலும் உள்ளே எண்ணுதல் நிற்கக் கூடாது. எங்கள் மணிக்கூட்டில் அந்தப் பற்றரி எப்போதோ செத்திருந்தது. கரண்ட் ஒழுங்காக இருந்த காலத்தில் அது யாருக்கும் தெரியவில்லை. மின்வெட்டு வந்தபோதுதான் மணிக்கூடு எல்லாவற்றையும் மறந்து 12:00இல் போய் நின்றது. பற்றரி இல்லாமல் தாங்காத நினைவகத்துக்கும், கரண்ட் இல்லாவிட்டாலும் அழியாத நினைவகத்துக்கும் உள்ள வேறுபாட்டை நான் புத்தகத்தில் படிக்கும் முன்பே இப்படித்தான் கண்டிருந்தேன். நேரம் அழிந்தது. பாங்கொலியும் வக்து அட்டவணையும் அழியவில்லை.

அந்த அட்டவணையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உட்பொதிந்த முறைமைகளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். மஃரிப் என்பது சூரியன் மறையும் நேரம். அது ஊருக்கு ஊர் மாறும். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் எடுக்கிறது. கொழும்புக்கும் எங்கள் மருதமுனைக்கும் இடையே நெடுங்கோட்டில் ஏறத்தாழ 2 பாகை வித்தியாசம். ஆகவே கிழக்குக் கரையில் இருக்கும் எங்களுக்குக் கொழும்பை விட ஏறக்குறைய 8 நிமிடம் முந்தியே சூரியன் உதிக்கும், முந்தியே மறையும். மணிக்கூட்டில் ஊர் என்ற இடத்தில் கொழும்பு என்று விட்டுவிட்டு மருதமுனையில் தொங்கவிட்டால் நோன்பு திறக்க 8 நிமிடம் பிந்தும். அது பரவாயில்லை. ஸஹர் முடியும் நேரமும் 8 நிமிடம் பிந்தும். அதுதான் வினை.

சரி, ஓர் ஊருக்கான அட்டவணையை மட்டும் சிப்புக்குள் வைப்போம். நெட்டாண்டில் 366 நாட்கள். ஐந்து வக்துகளுடன் சூரிய உதயமும் சேர்த்து நாளொன்றுக்கு 6 நேரங்கள். ஒவ்வொரு நேரத்தையும் நள்ளிரவிலிருந்து எத்தனை நிமிடம் என்று எழுதினால் 0 முதல் 1439 வரையான ஓர் எண் வரும். ஒரு பைற்றில் 255 வரைதான் எழுதலாம் என்பதால் இரண்டு பைற்றுகள் தேவை. 366 × 6 × 2 = 4392 பைற்றுகள். பாடசாலைகளில் அதிகம் பாவிக்கப்படும் ஆர்டுயினோ ஊனோ பலகையில் உள்ள நுண்கட்டுப்படுத்தியில், செய்நிரல் ஓடும்போது பாவிக்கும் எழுமாற்றுப் பெறுவழி நினைவகம் எவ்வளவு தெரியுமா? 2 கிலோபைற்று, அதாவது 2048 பைற்றுகள். அட்டவணை அதற்குள் அடங்காது! போனில் எடுக்கும் ஒரு படம் சில மெகாபைற்று என்றிருக்கும் உலகத்தில் பிறந்த எனக்கு, 4392 பைற்றுக்கு இடமில்லை என்பது முதலில் நம்ப முடியாமல் இருந்தது.

யோசித்தால் வழி வரும். இலங்கை பூமத்திய கோட்டுக்கு அருகில் இருப்பதால் மஃரிப் நேரம் ஆண்டு முழுவதும் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவாகவே முன்பின்னாக மாறுகிறது. மற்ற வக்துகளும் அப்படியே. ஆகவே ஒவ்வொரு வக்துக்கும் ஆண்டின் மிக முந்திய நேரத்தை ஒரு தடவை எழுதிவிட்டு, மற்ற நாட்களுக்கு 'அதிலிருந்து எத்தனை நிமிடம் பிந்தி' என்று மட்டும் எழுதினால் ஒரு பைற்று போதும். 366 × 6 = 2196. பாதியாகிவிட்டது. ஆனாலும் 2048ஐ விடக் கூட! பிறகுதான் ஆசிரியை சொன்னார்: அட்டவணை மாறப்போவதில்லையே, அதை ஏன் அங்கே வைக்கிறாய், செய்நிரல் இருக்கும் 32 கிலோபைற்று பளிச்சீட்டு நினைவகத்தில் வை என்று. அங்கே 4392 பைற்றும் தாராளமாக அடங்கும். ஒரு பின்னேரம் முழுவதும் பாடுபட்டு நான் சேமித்த பைற்றுகளுக்குத் தேவையே இருக்கவில்லை. ஆனால் அந்தப் பின்னேரத்தில்தான் இந்தப் பாடத்தின் மேல் எனக்கு ஆசை வந்தது.

திரையிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. ஓர் இலக்கத்தைக் காட்ட ஏழு சிறு கோடுகள் வேண்டும். நான்கு இலக்கங்களுக்கு 28 கோடுகள். சிப்பில் அவ்வளவு கால்கள் கிடையா. ஆகவே ஒரு நேரத்தில் ஓர் இலக்கத்தை மட்டும் எரியவைத்து, உடனே அணைத்து, அடுத்ததை எரியவைத்து, இப்படி மிக வேகமாகச் சுற்றி வருகிறது. கோடுகளுக்கு 7, இலக்கத்தைத் தெரிவுசெய்ய 4, மொத்தம் 11 இணைப்புகளே போதும். நம் கண் ஏமாறுகிறது. போன் கமெராவினால் பார்த்தால் சில மணிக்கூடுகளில் எண்கள் விட்டுவிட்டு மின்னுவது தெரியும்.

செய்நிரலாக்கம் ஏற்கனவே கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு புதிய பழக்கம் தேவைப்படும். வகுப்பில் நாம் எழுதும் பைத்தன் செய்நிரல் தொடங்கும், இரண்டு எண்களைக் கூட்டும், விடையைக் காட்டும், முடியும். மணிக்கூட்டின் செய்நிரல் முடியவே கூடாது. நேரத்தை வாசி, திரையில் காட்டு, வக்து வந்ததா பார், பொத்தான் அழுத்தப்பட்டதா பார், மறுபடி முதலிலிருந்து. இந்தச் சுற்றில் எங்கும் அதிக நேரம் நிற்கவும் கூடாது. நான் விட்ட முதல் பிழை அதுதான். பாங்கு நேரத்தில் ஒரு நிமிடம் ஒலி எழுப்பவேண்டும் என்பதற்காக, 'ஒரு நிமிடம் காத்திரு' என்ற கட்டளையை எழுதினேன். ஒலி வந்தது. ஆனால் அந்த ஒரு நிமிடமும் திரை உறைந்துபோனது, நிறுத்தும் பொத்தானை எத்தனை தடவை அழுத்தியும் நிற்கவில்லை.

கஞ்சி அடுப்பில் இருக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு அறுபது வரை எண்ணுகிறவளுக்கும், மணிக்கூட்டை அடிக்கடி பார்த்துக்கொண்டே தேங்காய் துருவி, வாசலில் வந்தவருக்குப் பதிலும் சொல்கிறவளுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. நான் எழுதியது முதலாமவளின் செய்நிரல். தொடங்கிய நேரத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் 'ஒரு நிமிடம் ஆகிவிட்டதா?' என்று மட்டும் பார்க்கும்படி மாற்றினேன். சரியானது. இன்னும் அவசரமான விடயங்களுக்குக் குறுக்கீடு என்ற வசதி உண்டு. யாராவது கதவைத் தட்டினால் கையிலுள்ள வேலையை அப்படியே வைத்துவிட்டுப் போய்த் திறந்து, திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வது போன்றது அது.

இப்படி, சிறு நினைவகத்தில், நிற்காமல், நேரத்துக்கு வேலை செய்யவேண்டிய கணினிகளில் மிகப் புகழ்பெற்றது சந்திரனுக்குப் போனது. 1969 ஜூலையில் மனிதரை அங்கே இறக்கிய அப்பல்லோ விண்கலத்தின் வழிகாட்டற் கணினிக்கு, மாற்றி எழுதக்கூடிய நினைவகம் 2048 சொற்கள் மட்டுமே. ஒரு சொல் 16 பிற்று. அதாவது 4 கிலோபைற்று. நான் அழுதுகொண்டிருந்த ஊனோ பலகையைப் போல வெறும் இரண்டு மடங்கு!

செய்நிரலுக்கு 36,864 சொற்கள் கொண்ட வேறொரு நினைவகம் இருந்தது. அதைப் பற்றி வாசித்த அன்று நான் ஓடிப்போய் உம்மும்மாவிடம்தான் சொன்னேன். ஏனென்றால் அந்தச் செய்நிரல் நெய்யப்பட்டது. உண்மையாகவே கையால் நெய்யப்பட்டது. சிறிய காந்த வளையங்களின் வரிசையில் மெல்லிய கம்பியை ஊசியால் கோத்துக்கொண்டு போவார்கள். கம்பி வளையத்துக்குள்ளால் போனால் 1. வளையத்துக்கு வெளியால் போனால் 0. அமெரிக்காவில் வோல்தம் என்ற ஊரில் உள்ள தொழிற்சாலையில் இதைச் செய்தவர்கள் பெண்கள். அவர்களில் நெசவாலைகளிலும் மணிக்கூட்டுத் தொழிற்சாலையிலும் வேலை செய்து கை பழகியவர்கள் இருந்தார்கள். பொறியியலாளர்கள் இந்த முறைக்குக் 'கிழவிகள் முறை' என்று பகிடியாகப் பெயர் வைத்திருந்தார்களாம். எனக்கு அந்தப் பகிடி பிடிக்கவில்லை. ஒரு கம்பி இடம் மாறினால் ஒரு பிற்று மாறும். சந்திரனுக்குப் போகும் வழியில் அதைப் பிரித்து மறுபடி நெய்ய முடியாது. நெய்து முடிக்க வாரக்கணக்கு ஆகுமென்பதால் மாகிரெட் ஹமில்டன் தலைமையில் மென்பொருளை எழுதியவர்களும் புறப்பாட்டுக்கு வெகு முன்பே 'இதுதான் இறுதி' என்று கொடுத்துவிட வேண்டியிருந்தது.

எங்கள் ஊர் கைத்தறிக்குப் பெயர்போனது. உம்மும்மாவும் இளவயதில் தறியில் இருந்தவர். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார்: "ஒரு இழை பிழைச்சா என்ன செய்வாங்க?" நெய்த பிறகு இயந்திரத்தில் வைத்துச் சோதிப்பார்கள் என்றேன். "அது சரி. நாங்களும் பாவு பிணைச்சுப் போட்டு ஒருக்காத் தடவிப் பார்ப்பம்" என்றார்.

சந்திரனில் இறங்கிக்கொண்டிருந்தபோது அந்தக் கணினி 1202 என்று எச்சரிக்கை காட்டியது. தேவையற்ற சமிக்ஞைகள் வந்து குவிந்ததால் எல்லா வேலையையும் செய்ய நேரம் போதவில்லை. ஆனால் எது முக்கியம் என்ற வரிசை செய்நிரலில் முன்பே எழுதப்பட்டிருந்தது. அது முக்கியமில்லாதவற்றைக் கைவிட்டு, இறக்கும் வேலையைத் தொடர்ந்தது.

மறுபக்கமும் உண்டு. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை செய்யும் தெரெக்-25 என்ற இயந்திரம் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைக் கொடுத்தது. அவர்களில் சிலர் இறந்தார்கள். அதற்கு முந்திய இயந்திரங்களில் தவறு நடக்காமல் தடுக்கும் வன்பொருள் பூட்டுகள் இருந்தன. இதில் அவற்றை நீக்கிவிட்டு மென்பொருளையே நம்பியிருந்தார்கள். இயக்குபவர் வேகமாகத் தட்டச்சுச் செய்து ஒரு பதிவைத் திருத்தினால், செய்நிரலின் ஒரு பகுதி பழைய பதிவோடும் மறுபகுதி புதிய பதிவோடும் நின்றுவிடும். மெதுவாகத் தட்டச்சுச் செய்தவர்களுக்கு அந்தப் பிழை தோன்றவே இல்லை. பரீட்சையில் 'சோதித்தல்' என்று ஒரு சொல்லில் விடை எழுதிவிட்டுப் போகிறோமே, அந்தச் சொல்லின் பாரம் இதை வாசித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

தொடங்க விரும்பும் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. சுவரில் செருகும் எந்த உபகரணத்தையும் திறந்து பார்க்காதீர்கள். கழற்றிய பின்னும் சில பாகங்களில் மின் தேங்கியிருக்கும். பழுதான ஒரு ரிமோட்டைத் திறவுங்கள். பற்றரியைக் கழற்றிவிட்டால் அதில் ஆபத்தில்லை. ஒரு சிப், ஒரு பளிங்கு, ஒரு எல்.ஈ.டி, பொத்தான்கள். இந்தக் கட்டுரையில் சொன்னவற்றில் பாதி அதற்குள் இருக்கிறது. பலகை வாங்கக் காசில்லையென்றால் டிங்கர்காட் என்ற இலவச இணையத்தளத்தில் ஆர்டுயினோவைத் திரையிலேயே பொருத்தி ஓட்டலாம். நானும் முதல் மூன்று மாதம் அப்படித்தான் பழகினேன். எல்.ஈ.டியைத் தடையி இல்லாமல் நேராக இணைக்காதீர்கள். பலகை தருவது 5 வோல்ற்று, சிவப்பு எல்.ஈ.டிக்கு ஏறத்தாழ 2 போதும். மிகுதி 3 வோல்ற்றை 220 ஓம் தடையியில் விட்டால், ஓமின் விதிப்படி 14 மில்லி அம்பியருக்குச் சற்றுக் குறைவாகப் பாயும். பாதுகாப்பான அளவு. நான் முதல் எல்.ஈ.டியை இணைத்த அன்று இந்தக் கணக்கைச் செய்யவில்லை. அதற்குத் தண்டனையாக ஒரு சிறிய நாற்றம்.

இந்த வருடம் நான் சொந்தமாக ஒரு மணிக்கூடு செய்தேன். டீ.எஸ். 3231 என்ற நேரச் சிப்பைப் பாவித்தேன். அதன் வழு அதிகபட்சம் வருடத்துக்கு ஒரு நிமிடம் அளவில். மலிவான பளிங்குகள் வருடத்துக்குப் பத்து நிமிடம் வரை ஓடிவிடும். ஆனால் நான் அதைத் தெரிவுசெய்தது துல்லியத்துக்காக இல்லை. அதன் விவரத்தாளை வாசித்தபோது ஒரு விடயம் கண்ணில் பட்டது. அந்தச் சிப்புக்குள் ஒரேயொரு பிற்று தனியாக வைக்கப்பட்டிருக்கிறது. பளிங்கின் அதிர்வு எப்போதாவது நின்றிருந்தால் அந்தப் பிற்று 1 ஆகிவிடும். 'நான் இடையில் நின்றுபோனேன், நான் காட்டும் நேரத்தை நம்ப வேண்டாம்' என்று சிப் தானாகவே ஒப்புக்கொள்கிறது. எங்கள் வீட்டு மணிக்கூட்டுக்கு இல்லாமல்போனது இந்த ஒரு பிற்றுதான் என்று எனக்குத் தோன்றியது. அது 12:00 என்று காட்டியபோதும் சரி, நான் வைத்த பிழையான நேரத்தைக் காட்டியபோதும் சரி, ஒரே நம்பிக்கையோடுதான் காட்டியது.

என் மணிக்கூடு ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பிற்றை வாசிக்கும். அது 1 என்றால் திரை மின்னும், பாங்கு ஒலி வராது. யாராவது கையால் நேரம் வைத்தால் திரை சாதாரணமாகும். ஆனால் ஓரத்தில் ஒரு மஞ்சள் எல்.ஈ.டி எரியத் தொடங்கும். வேறொரு நம்பகமான நேரத்துடன் ஒப்பிட்டுப் பார்த்து, பின்பக்கப் பொத்தானை அழுத்தும் வரை அது அணையாது. அழகாக இல்லை. கம்பிகள் வெளியே தெரிகின்றன, சப்பாத்துப் பெட்டிக்குள் இருக்கிறது.

போன கிழமை நேரம் வைத்து அதை உம்மும்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இந்த மஞ்சள் லைட் என்னத்துக்கு?"

"கையால வெச்ச நேரம், இன்னும் சரி பார்க்கல்ல எண்டு சொல்லுது உம்மும்மா."

"அப்ப போய்ப் பாரு."

போனை எடுத்து வந்து பார்த்தேன். 2 நிமிடம் பிந்தியிருந்தது.